நாற்பதாவது சென்டிமீட்டர்

முன்பற்களிலிருந்து அளந்தால் ஏறத்தாழ 40 சென்டிமீட்டர் ஆழத்தில் நம் உடம்புக்குள் ஓர் எல்லைக்கோடு இருக்கிறது. எண்டோஸ்கோப்பிக் குழாயை வாய் வழியாக இறக்கும் மருத்துவர் திரையில் அதைத்தான் தேடுவார். அதுவரை உணவுக்குழாயின் உட்சுவர் சிப்பியின் உட்புறம்போல வெளிறிய இளஞ்சிவப்பில் ஈரமாக மினுங்கிக்கொண்டு வரும். மெல்லிய ரத்தநாளங்கள் நூல் நூலாகத் தெரியும். சட்டென்று நிறம் மாறும். வெல்வெட் துணியை விரித்ததுபோல ஒரு சிவந்த பரப்பு தொடங்கும். இரண்டும் சந்திக்கும் இடம் நேராக இருக்காது. ரம்பத்தின் பற்களைப்போல ஏறி இறங்கிச் சுற்றிவரும். வெளிறிய பக்கம் உணவுக்குழாய், சிவந்த பக்கம் இரைப்பை.

சிலருக்கு அந்தச் சிவப்பு கோட்டைத் தாண்டி மேலே ஏறியிருக்கும். தீநாக்குபோல ஒரு பக்கமாக இரண்டு சென்டிமீட்டர் ஏறியிருக்கலாம். குழாயின் முழுச் சுற்றளவையும் பிடித்துக்கொண்டு பத்து சென்டிமீட்டர் வரைகூடப் போயிருக்கலாம். "நெஞ்செரிச்சல் கேன்சரில் கொண்டுபோய் விடுமா, டாக்டர்?" என்று நடுங்கிப்போய்க் கேட்பவருக்கும், "வெறும் அசிடிட்டிதானே" என்று இருபது வருடமாக மாத்திரையை விழுங்கிக்கொண்டிருப்பவருக்கும் பதில் அந்தச் சில சென்டிமீட்டருக்குள்தான் இருக்கிறது. அந்தப் பதிலைக் கண்டறிய மருத்துவத்துக்கு எழுபது ஆண்டுகள் ஆயின.

உணவுக்குழாய் சுமார் 25 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு தசைக்குழாய். விழுங்கியதை இறக்கிவிடுவது ஒன்றுதான் அதன் வேலை. சூடான ரசமும் முறுக்கின் கூர்முனையும் உரசிக்கொண்டு போகும் வழி என்பதால், நம் தோலில் இருப்பதைப்போலவே அதன் உட்சுவரிலும் தட்டைச் செல்கள் அடுக்கடுக்காகப் பரவியிருக்கின்றன. மேலடுக்கு தேய்ந்து உதிர, கீழிருந்து புதிய அடுக்கு ஏறிவரும். உரசலைத் தாங்கக் கட்டிய சுவர் அது. அமிலத்தைத் தாங்கும் வல்லமை அதற்குக் கிடையாது.

இரைப்பையின் கதை வேறு. அங்கே ஊறும் அமிலத்தின் பிஎச் அளவு 1-க்கும் 2-க்கும் இடைப்பட்டது. எலுமிச்சைச் சாற்றைவிடக் கடுமையானது. அதைத் தாங்குவதற்காகத் தூண்கள்போல நெட்டுக்குத்தாக நிற்கும் செல்கள் ஒற்றை வரிசையாக அமைந்து, கோழையைச் சுரந்து, அந்தக் கோழைக்குள் பைகார்பனேட்டையும் கலந்து ஒரு கவசம் கட்டிக்கொள்கின்றன. அக்கம்பக்கத்தில் இருக்கும் இந்த இரண்டு வீடுகளுக்கும் நடுவே ஒரு கதவு வேண்டும். உணவுக்குழாயின் அடிமுனையில் இருக்கும் சுருக்குத்தசையும், அதை வெளியிலிருந்து இடுக்கிபோல் பிடித்திருக்கும் உதரவிதானமும் சேர்ந்ததுதான் அந்தக் கதவு.

விழுங்கும்போது கதவு திறக்கும். வயிற்றில் காற்று சேர்ந்தால் ஏப்பமாக வெளியேற்றவும் சில நொடிகள் திறக்கும். அந்த நொடிகளில் கொஞ்சம் அமிலமும் மேலே வருவது எல்லாருக்கும் நடப்பதுதான். விழித்திருக்கும்போது அடிக்கடி எச்சில் விழுங்குகிறோம். எச்சிலில் உள்ள பைகார்பனேட் அந்த அமிலத்தை முறித்துவிடும். நிற்பதும் நடப்பதும் அதை இறக்கிவிடும். தூக்கத்திலோ எச்சில் சுரப்பு ஏறக்குறைய நின்றுபோகிறது, விழுங்குவதும் குறைகிறது, குழாயும் படுக்கைவாட்டில் கிடக்கிறது. வயிறு நிறைய உண்டு உடனே படுத்தவர் நடுச்சாமத்தில் தொண்டையில் புளிப்போடு விழித்து, எழுந்து உட்கார்ந்து, தலைமாட்டில் இருக்கும் தண்ணீரைத் தேடுவது இதனால்தான். இரவு எதுக்களிப்பை மருத்துவர்கள் தனியாக விசாரிப்பதும் இதனால்தான்.

தொப்பை கூடினால் வயிற்றின் அழுத்தம் கூடிக் கதவைத் தள்ளுகிறது. உதரவிதானத்தின் பிடி தளர்ந்து இரைப்பையின் மேல்நுனி மார்புக்குள் ஏறிவிட்டால் (ஹையாட்டஸ் ஹெர்னியா என்று ரிப்போர்ட்டில் எழுதுவது இதைத்தான்) கதவின் பாதி பலம் போய்விடுகிறது. புகைப்பது சுருக்குத்தசையைத் தளர்த்துகிறது. இப்படி வாரக்கணக்கில், வருடக்கணக்கில் எதுக்களிப்பு தொடர்ந்தால் தட்டைச் செல் சுவர் என்ன ஆகும்?

அமிலம் பட்டால் மேலிருந்து கீழாக வெந்துபோகும் என்றுதான் நெடுங்காலமாக எல்லாரும் நினைத்தார்கள். 2016-இல் அமெரிக்காவின் டல்லாஸில் நடந்த ஒரு சிறிய ஆய்வு அந்த நினைப்பை அசைத்தது. அமிலத்தை அடக்கும் மாத்திரையைத் தொடர்ந்து சாப்பிட்டுவந்த 12 பேரிடம் இரண்டு வாரம் மாத்திரையை நிறுத்தச் சொல்லி, உணவுக்குழாயின் திசுவை எடுத்துப் பார்த்தார்கள். மேல்பரப்பு அரிக்கப்படாத இடங்களில்கூட, அடுக்குகளின் ஆழத்தில் நோய் எதிர்ப்புச் செல்கள் வந்து குவிந்திருந்தன. எதுக்களித்த திரவம் பட்டதும் சுவரின் செல்களே அபாயச் செய்தி அனுப்பி அழற்சியை வரவழைக்கின்றன என்பதுதான் அந்த ஆய்வாளர்கள் சொன்ன விளக்கம். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தீக்காயம் என்றால் ஆறிவிடும், விஷயமும் முடிந்துவிடும். நாட்பட்ட அழற்சி அப்படி முடிவதில்லை. அது செல்களின் பிழைப்பையே மாற்றுகிறது.

அந்த மாற்றத்துக்கு ஒரு மனிதரின் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நார்மன் பாரெட், ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் பிறந்து, லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சை நிபுணராக இருந்தவர். உணவுக்குழாய் கிழிந்தால் சாவு உறுதி என்றிருந்த காலத்தில், 1947-இல் அப்படிக் கிழிந்த குழாயைத் தைத்து ஒரு நோயாளியைப் பிழைக்கவைத்தவர். 1950-இல் அவர் ஒரு கட்டுரை எழுதினார். சில நோயாளிகளின் மார்புக்குள், உணவுக்குழாய் இருக்கவேண்டிய இடத்தில், இரைப்பைக்குரிய சிவந்த சவ்வு போர்த்திய குழாய் ஒன்று இருக்கிறது, அதில் புண்களும் வருகின்றன. இது என்ன? பாரெட்டின் வாதம் எளிமையானது. உள்ளே தட்டைச் செல் இருந்தால்தான் அது உணவுக்குழாய். இங்கே அது இல்லை. ஆகவே இது இரைப்பைதான். பிறவியிலேயே உணவுக்குழாய் குட்டையாக இருந்ததால் இரைப்பை மேலே இழுக்கப்பட்டுவிட்டது.

மூன்றே ஆண்டுகளில், 1953-இல், லீட்ஸ் நகரைச் சேர்ந்த பிலிப் ஆலிசனும் ஜான்ஸ்டனும் இதை மறுத்தார்கள். அந்தக் குழாயின் வெளிப்புறத்தைப் பாருங்கள் என்றார்கள். இரைப்பையைப் போர்த்தியிருக்கும் வயிற்றுறை அதில் இல்லை. தசைகள் உணவுக்குழாயின் தசைகள். சிவந்த சவ்வுக்கு அடியில் உணவுக்குழாய்க்கே உரிய சுரப்பிகள் இருக்கின்றன. வீடு உணவுக்குழாய்தான், தரைதான் மாறியிருக்கிறது. அந்த மறுப்பு வெளியான 'தோராக்ஸ்' இதழின் ஆசிரியர் வேறு யாருமில்லை, பாரெட்டேதான். தன்னைத் தவறென்று காட்டும் கட்டுரையைத் தன் இதழிலேயே அவர் வெளியிட்டார். 1957-இல் தன் கருத்தையும் மாற்றிக்கொண்டார். அறிவியலில் எனக்கு மிகப் பிடித்த காட்சிகளில் இது ஒன்று. அந்தச் சவ்வில் வரும் புண்ணுக்கு ஆலிசனும் ஜான்ஸ்டனும் பாரெட்டின் பெயரைச் சூட்டினார்கள். பின்னர் நோய்க்கே அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. இன்றும் எண்டோஸ்கோப்பி ரிப்போர்ட்டில் 'பாரெட்ஸ் ஈசோஃபேகஸ்' என்றுதான் எழுதுகிறார்கள்.

பிறவியில் வந்ததா, பிறகு வந்ததா என்ற கேள்வி மட்டும் மிச்சமிருந்தது. 1970-இல் நாய்களில் செய்த ஒரு சோதனை அதற்கு விடை தந்தது. உணவுக்குழாயின் அடிப்பகுதிச் சவ்வை உரித்தெடுத்துவிட்டு எது வளர்கிறது என்று பார்த்தார்கள். அமிலம் மேலே வராத நாய்களில் பழையபடி தட்டைச் செல் சவ்வே வளர்ந்தது. அமிலம் மேலே வரும்படி செய்த நாய்களில் தூண் செல் சவ்வு வளர்ந்தது. தண்ணீர் தேங்கும் வயலில் நெல் போனால் கோரை முளைக்கும் அல்லவா, அதேபோல மாறிய சூழலுக்குத் தாங்கும் செல் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஒருவகையில் உடம்பு தற்காப்புக்குச் செய்துகொள்ளும் ஏற்பாடு அது.

தற்காப்புக்குக் கொடுக்கும் விலை என்ன என்பது 1975-இல் வெளிச்சத்துக்கு வந்தது. சுவிட்சர்லாந்தின் நேஃப், சவாரி, ஒட்செல்லோ மூவரும் பாரெட் மாற்றம் கண்ட 140 பேரின் விவரங்களைத் தொகுத்தார்கள். அவர்களில் 12 பேருக்கு அடினோகார்சினோமா என்ற சுரப்பிவகைப் புற்றுநோய் இருந்தது. ஆண்டாண்டு காலமாக உணவுக்குழாய்ப் புற்றுநோய் என்றால் தட்டைச் செல்லில் வரும் வகைதான் என்றிருந்த மருத்துவ உலகுக்கு, அங்கே இருக்கவே கூடாத செல்லிலிருந்து இருக்கவே கூடாத புற்றுநோய் வருவது தெரிந்தது.

அதே காலத்தில் அமெரிக்காவின் புற்றுநோய்ப் பதிவேடுகளில் ஒரு கோடு ஏறத் தொடங்கியிருந்தது. 1975-இல் 10 லட்சம் பேருக்கு ஏறத்தாழ 4 பேர் என்றிருந்த இந்த வகைப் புற்றுநோய், 2001-இல் 23 பேர் என்றாகிவிட்டது. அங்கே வெள்ளையின ஆண்களிடம் தட்டைச் செல் வகையையே அது பின்னுக்குத் தள்ளியது. தொப்பை பெருத்ததை ஒரு காரணமாகச் சொல்கிறார்கள். ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற வயிற்றுக் கிருமி அந்தச் சமூகங்களில் அருகிவந்ததை இன்னொரு காரணமாகச் சொல்கிறார்கள். அல்சரையும் இரைப்பைப் புற்றுநோயையும் தரும் அதே கிருமி, சிலருக்கு அமிலச் சுரப்பைக் குறைப்பதன் மூலம் உணவுக்குழாயைக் காக்கவும் செய்கிறது. அதனால் கிருமியை வைத்துக்கொள்ளலாம் என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம். உடம்பில் ஓரிடத்துக் கணக்கு இன்னோரிடத்துக் கணக்கோடு எப்படிப் பின்னிக்கிடக்கிறது என்பதற்குத்தான் இதைச் சொல்கிறேன்.

எதுக்களிப்புக்கும் புற்றுக்கும் உள்ள தொடர்பை ஐயமற எண்ணிக்காட்டியது ஸ்வீடன். யேஸ்பர் லாகர்கிரென் தலைமையிலான குழு நாடு முழுவதும் புதிதாக நோய் கண்டறியப்பட்டவர்களைத் தேடிப்போய் நேரில் பேட்டி கண்டது. 1999-இல் முடிவு வெளியானது. வாரம் ஒருமுறையாவது எதுக்களிப்புத் தொல்லை இருந்தவர்களுக்கு இந்த அடினோகார்சினோமா வரும் வாய்ப்பு, தொல்லை இல்லாதவர்களைவிட 7.7 மடங்கு. கடுமையான தொல்லை 20 ஆண்டுகளுக்கு மேல் நீடித்திருந்தால் 43.5 மடங்கு. தட்டைச் செல் வகைப் புற்றுக்கோ 1.1 மடங்கு, அதாவது தொடர்பே இல்லை.

43 மடங்கு என்ற எண்ணை இன்று மொபைலில் யார் வேண்டுமானாலும் தேடிப்பிடித்து, அன்றிரவு தூங்காமல் கிடக்க முடியும். அப்படிக் கிடந்தவர்களை எனக்குத் தெரியும். அவர்களுக்கு அதே ஆய்வின் இன்னொரு எண்ணைக் காட்ட விரும்புகிறேன். அன்று 88 லட்சம் பேர் வாழ்ந்த நாட்டில், மூன்று ஆண்டுகள் சல்லடை போட்டுத் தேடி அந்தக் குழு பேட்டி கண்ட உணவுக்குழாய் அடினோகார்சினோமா நோயாளிகள் 189 பேர். மிக அரிதான ஒன்றைப் பல மடங்கு பெருக்கினாலும் அது அரிதாகவே இருக்கும். நெஞ்செரிச்சல் உள்ள கோடிக்கணக்கானோரில் மிகப் பெரும்பாலோருக்கு இந்தப் புற்று ஒருநாளும் வராது.

பாரெட் மாற்றமே வந்துவிட்டவர்களுக்கு? 2011-இல் டென்மார்க் தன் நாட்டின் 11,028 பாரெட் நோயாளிகளின் கணக்கை வெளியிட்டது. முதல் ஓராண்டுக்குப் பிறகு புற்று வந்தது ஆண்டுக்கு ஆயிரத்தில் ஏறத்தாழ ஒருவருக்கு. அதற்குமுன் நம்பப்பட்டதைவிட இது பல மடங்கு குறைவு. ஆனால் அந்தக் கணக்கில் மனதை உறுத்தும் ஒரு வரி உண்டு. மொத்தம் கண்டறிந்த 197 புற்றுகளில் 131 முதல் ஆண்டுக்குள்ளேயே கண்டறியப்பட்டவை. அதாவது, முதன்முதலாக எண்டோஸ்கோப்பி செய்யப் போனபோதே அவர்களில் பெரும்பாலோருக்குப் புற்று வந்து உட்கார்ந்திருந்தது. ஏன் அவர்கள் அதற்கு முன்பே மருத்துவரிடம் வரவில்லை?

ஏனென்றால் வலிக்கவில்லை. இந்த அத்தியாயத்தில் ஒன்றே ஒன்றை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்வதாக இருந்தால் இதை வைத்துக்கொள்ளுங்கள். தூண் செல் சவ்வுக்குத் தட்டைச் செல் சவ்வின் அளவு எரிச்சல் உணர்வு கிடையாது. அமிலத்தைத் தாங்கத்தான் அது அங்கே வந்ததே. எனவே பல வருடம் நெஞ்சு கரித்துக்கொண்டிருந்த ஒருவருக்கு ஒருகட்டத்தில் எரிச்சல் தானாகக் குறையலாம். "இப்பல்லாம் முன்ன மாதிரி இல்லீங்க, பரவாயில்லை" என்று அவர் மனம் நிறைந்து சொல்வார். உணவுமுறை மாறியதால் குறைந்ததா, சவ்வு மாறியதால் குறைந்ததா என்பது அவருக்கும் தெரியாது, வெளியிலிருந்து பார்க்கும் மருத்துவருக்கும் தெரியாது. ஸ்வீடன் ஆய்வில் புற்று வந்தவர்களில் வாராந்தர எதுக்களிப்பு இருந்ததாகச் சொன்னவர்கள் 60 சதவீதம்தான். மீதி 40 சதவீதம் பேருக்குச் சொல்லும்படியான எரிச்சல் இருந்ததில்லை.

மாத்திரைகளும் இந்த மௌனத்தில் பங்கேற்கின்றன. 1980-களின் இறுதியில் சந்தைக்கு வந்த ஓமிப்ரசோலும் அதன் தம்பிகளான பான்டோப்ரசோல் போன்றவையும் அமிலம் சுரக்கும் பம்புகளை அடைத்துவிடுகின்றன. எரிச்சல் நிற்கிறது, புண் ஆறுகிறது. இவை அருமையான மருந்துகள், அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் கதவு பழுதாகவே இருக்கிறது. அமிலம் குறைந்த திரவம் தொடர்ந்து மேலே வந்துகொண்டுதான் இருக்கும். அதில் குடலிலிருந்து இரைப்பைக்குத் திரும்பிய பித்தநீரும் கலந்திருக்கும். பித்த அமிலங்கள் செல்லுக்குள் புகுந்து டிஎன்ஏவை நேரடியாகச் சேதப்படுத்தக்கூடியவை. ஆனாலும் பாரெட் நோயாளிகள் மாத்திரையை விட்டுவிடக் கூடாது. 2018-இல் வெளியான ஆஸ்பெக்ட் ஆய்வில் 2,557 பாரெட் நோயாளிகளை ஏறத்தாழ 9 ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். மரணம், புற்று, புற்றுக்கு முந்திய கடும் மாற்றம் இவற்றில் ஏதேனும் ஒன்று நேரும் காலம், மாத்திரையை உயர்ந்த அளவில் எடுத்தவர்களுக்குக் குறைந்த அளவில் எடுத்தவர்களைவிடத் தள்ளிப்போனது. மருந்து காக்கிறது, ஆனால் முழுக் காவல் ஆகாது என்று இதைப் புரிந்துகொள்ள வேண்டும்.

செல்லுக்குள் நடப்பதைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். பாரெட் சவ்வில் குடலுக்குரிய கோப்பை வடிவச் செல்கள்கூட முளைத்திருக்கும். வருடக்கணக்கான அழற்சியில் செல்கள் இறப்பதும் பிறப்பதும் வேகமாக நடக்கிறது. பிரதி எடுக்கும் ஒவ்வொரு முறையும் பிழைக்கு இடம் உண்டு. பெரும்பாலான பிழைகளால் ஒன்றும் ஆவதில்லை. டிபி53 என்ற காவல் மரபணு பழுதானால்தான் திசை மாறுகிறது. பழுதான டிஎன்ஏவோடு ஒரு செல் பிரிய முயன்றால் அதைத் தடுத்து நிறுத்துவது அந்த மரபணுவின் வேலை. காவலர் போனபின் சில செல்கள் தங்கள் மரபுத்தொகுதி முழுவதையும் இரட்டிப்பாக்கிக்கொண்டு, படிப்படியாகப் போகவேண்டிய தூரத்தை ஒரே தாவலில் கடந்துவிடுகின்றன. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை என்று பரிசோதனை செய்துவந்தவர்களில்கூடச் சிலருக்குப் புற்று நழுவிப்போவது இதனால்தான்.

அந்தத் தூண் செல்கள் எங்கிருந்துதான் வந்தன என்ற பழைய கேள்வியை 2021-இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் மறுபடி எடுத்தார்கள். உறுப்பு தானம் செய்தவர்களின் ஆரோக்கியமான திசுக்களையும் பாரெட் திசுக்களையும் செல் செல்லாகப் பிரித்து மரபணு இயக்கத்தை ஒப்பிட்டார்கள். பாரெட் செல்களோடு ஒத்துப்போனவை உணவுக்குழாயின் தட்டைச் செல்கள் அல்ல. எல்லைக்கோட்டுக்குக் கீழே, இரைப்பையின் வாசலில் இருக்கும் செல்களோடுதான் அவை ஒத்துப்போயின. அவையே மேலேறிப் பரவி, சி-மிக், எச்என்எஃப்4ஏ என்ற இரண்டு மரபணுக்களின் தூண்டுதலால் குடல்செல் தன்மையைப் பெற்றிருக்கின்றன. குழாய் உணவுக்குழாய் என்பதில் ஆலிசனும் ஜான்ஸ்டனும் சரி. சவ்வு இரைப்பையுடையது என்பதில், 1979-இல் மறைந்துவிட்ட பாரெட்டும் சரி.

இனி நம் ஊர் வாசகருக்கு ஒரு முக்கியமான செய்தி. இதுவரை பேசிய புற்று மேற்கு நாடுகளில்தான் அதிகம், அங்கும் ஆண்களுக்குப் பெண்களைவிடப் பல மடங்கு அதிகம். இந்தியாவில் உணவுக்குழாய்ப் புற்று என்றால் பெரும்பாலும் தட்டைச் செல் வகைதான். அதற்கும் எதுக்களிப்புக்கும் தொடர்பில்லை என்பதை ஸ்வீடன் கணக்கிலேயே பார்த்தோம். அதன் காரணங்கள் பீடி, சிகரெட், மது, புகையிலை போட்ட வெற்றிலைபாக்கு. காஷ்மீரில் கொதிக்கக் கொதிக்கக் குடிக்கும் உப்புத் தேநீரையும் ஆராய்ச்சியாளர்கள் நெடுநாளாகச் சந்தேகிக்கிறார்கள். 65 டிகிரிக்கு மேல் சூடான பானங்கள் புற்றை உண்டாக்கக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2016-இல் வகைப்படுத்தியது. ஆகவே நெஞ்செரிச்சலுக்குப் பயந்து புளிக்குழம்பை விட்டுவிட்டு, வாயில் புகையிலையை அடக்கிக்கொண்டிருப்பவர் கவலையைத் தவறான இடத்தில் வைத்திருக்கிறார். அதேசமயம் தொப்பையும் நீரிழிவும் பெருகிவரும் நம் நகரங்களில் எதுக்களிப்பு அரிய நோயில்லை என்பதையும் மறந்துவிட முடியாது.

யார் பார்த்துக்கொள்ள வேண்டும்? நெஞ்செரிச்சல் உள்ள எல்லாருக்கும் எண்டோஸ்கோப்பி தேவையில்லை. எதுக்களிப்பு பல வருடமாக நீடித்திருக்க, அதோடு ஆண், 50 வயதுக்கு மேல், தொப்பை, புகைப்பழக்கம், குடும்பத்தில் இந்த நோய் என்று காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்துகொண்டே போனால் ஒருமுறை உள்ளே பார்த்துவிடுவது நல்லது. ஆனால் விழுங்குவதில் சிக்கல் வந்தால் இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம். முதலில் இட்லியையும் சப்பாத்தியையும் தண்ணீர் குடித்துக் குடித்து இறக்குவார்கள், பிறகு சோற்றைக் குழைத்துக்கொள்வார்கள், பிறகு கஞ்சிக்கு மாறுவார்கள். வீட்டில் யாராவது இப்படிச் சத்தமில்லாமல் சாப்பாட்டை மாற்றிக்கொண்டே போனால், அது எந்த வயதானாலும், அந்த வாரமே மருத்துவரிடம் போகவேண்டும். உணவுக்குழாய் நெகிழ்வானது. கணிசமாக அடைபட்ட பிறகுதான் விழுங்க முடியவில்லை என்பதே தெரியவரும். மற்றக் குடல் பகுதிகளுக்கு இருக்கும் வெளியுறை அதற்கு இல்லாததால் புற்று அக்கம்பக்கத்துக்குப் பரவுவதும் எளிது. காரணமில்லாத எடைக்குறைவு, ரத்தவாந்தி, தார்போலக் கறுத்த மலம், ரத்தசோகை இவையும் அதே அவசரம் கொண்டவை. இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வியர்வையோடு நெஞ்சை அழுத்தி, தோளுக்கோ தாடைக்கோ பரவும் வலியை 'கேஸ்' என்று நினைத்து ஜெலுசில் குடித்துவிட்டுப் படுக்காதீர்கள். அது மாரடைப்பாக இருக்கலாம்.

அன்றாடம் செய்யக்கூடியவை எல்லாருக்கும் தெரிந்தவைதான். எடையைக் குறைப்பது, புகையை விடுவது, இரவுச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் மூன்று மணி நேரம் இடைவெளி விடுவது, கட்டிலின் தலைமாட்டை உயர்த்துவது. இடப்பக்கம் ஒருக்களித்துப் படுப்பது உதவும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. அப்படிப் படுத்தால் இரைப்பையின் பை வாசலுக்குக் கீழே தொங்குகிறது, அமிலம் அதில் தங்குகிறது. வலப்பக்கம் படுத்தால் வாசல் அமிலத்துக்குள் மூழ்கிவிடுகிறது.

எண்டோஸ்கோப்பிக்கு முன்னால் ஒரு வடிகட்டி இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்? கேம்பிரிட்ஜின் ரெபெக்கா ஃபிட்ஸ்ஜெரால்ட் பல ஆண்டுகள் உழைத்து உருவாக்கியது அதைத்தான். ஒரு மாத்திரைக் குப்பி, அதில் கட்டிய ஒரு நூல். குப்பியைத் தண்ணீரோடு விழுங்கவேண்டும், நூலின் நுனி வாய்க்கு வெளியே இருக்கும். சில நிமிடங்களில் இரைப்பையில் குப்பி கரைந்து, உள்ளே அமுக்கி வைத்திருந்த ஸ்பாஞ்சு சுமார் 3 சென்டிமீட்டர் உருண்டையாக விரிகிறது. நர்ஸ் நூலைப் பிடித்து இழுக்க, அது உணவுக்குழாய் நெடுகச் சுவரை உரசி லட்சக்கணக்கான செல்களை வாரிக்கொண்டு மேலே வருகிறது. ஆய்வகத்தில் டிஎஃப்எஃப்3 என்ற புரதத்துக்குச் சாயமேற்றுகிறார்கள். கோப்பைச் செல்கள் இருந்தால் பழுப்பாகத் தெரியும். இங்கிலாந்தில் எதுக்களிப்புக்கு மருந்து எடுத்துவந்த 13,222 பேரை இரண்டு பிரிவாகப் பிரித்து இதைச் சோதித்தார்கள். 2020-இல் முடிவு வந்தது. வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைத்த பிரிவில் 13 பேருக்குப் பாரெட் மாற்றம் கண்டறியப்பட்டிருந்தது. ஸ்பாஞ்சு வாய்ப்புத் தரப்பட்ட பிரிவில் 140 பேருக்கு. அந்த 140 பேரும் அதுவரை தங்கள் குடும்ப மருத்துவரிடம் எரிச்சலுக்கு மாத்திரை வாங்கிக்கொண்டிருந்தவர்கள்தான்.

கண்டுபிடித்தால் என்ன செய்யமுடியும் என்பதில்தான் கடந்த இருபதாண்டுகளின் பெரிய ஆறுதல் இருக்கிறது. வெறும் பாரெட் மாற்றம் என்றால் மாத்திரையும், சில ஆண்டுக்கு ஒருமுறை பார்வையும். புற்றுக்கு முந்திய கட்டமான டிஸ்பிளேசியா என்றால், முன்புபோல உணவுக்குழாயையே வெட்டியெடுக்கத் தேவையில்லை. மின்கம்பிச் சுருள் சுற்றிய பலூனை எண்டோஸ்கோப்பி வழியாக அந்தச் சிவந்த இடத்தில் விரித்து, ஒரு மில்லிமீட்டரைத் தாண்டாத ஆழத்துக்கு ரேடியோ அலைச் சூட்டைப் பாய்ச்சுகிறார்கள். 2009-இல் அமெரிக்காவில் 127 பேரிடம் செய்த ஆய்வில், கடும் டிஸ்பிளேசியா இருந்தவர்களில் 81 சதவீதம் பேருக்கு ஓராண்டில் அது முற்றிலும் மறைந்தது. பாவனைச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 19 சதவீதம் பேருக்கே மறைந்தது. சிகிச்சை பெற்ற பிரிவில் புற்று வந்தது 1.2 சதவீதம் பேருக்கு, மற்றதில் 9.3 சதவீதம் பேருக்கு.

சூடு பட்ட சவ்வு வெளுத்து உரிந்து விழுகிறது. அந்த இடத்தில் இனி என்ன முளைக்கும் என்பது 1970-இல் அந்த நாய்களிடம் கேட்ட அதே கேள்வி. அமிலத்தை மாத்திரையால் இறுக்கி அடக்கியிருந்தால் தட்டைச் செல்கள் மறுபடி வந்து படர்கின்றன. சில மாதம் கழித்து நோயாளி மீண்டும் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க, குழாய் உள்ளே இறங்குகிறது. 30 சென்டிமீட்டர். 34. சிப்பியின் உட்புறம்போல வெளிறிய சுவர். 37. முன்பு தீநாக்குகள் ஏறியிருந்த இடம், இப்போது நூல்நூலாக ரத்தநாளங்கள் மட்டும். மருத்துவர் அவசரப்படாமல் இறக்குகிறார். புதிய சவ்வுக்கு அடியில் பழைய சுரப்பிகள் சிலபோது புதைந்துகிடக்கும் என்பது அவருக்குத் தெரியும். அதனால் வெளிறிய சுவரிலும் சில இடங்களில் சிறு கவ்வியால் திசு கிள்ளியெடுத்து, ஒவ்வொன்றுக்கும் எத்தனையாவது சென்டிமீட்டர் என்று குறித்துக்கொள்கிறார். 40-இல் நிறம் மாறுகிறது.